செத்தாபாக் கொண்டோ ஹாலுக்கு 2 எச்பியா, 2.5 எச்பியா? ஏர்கோன் அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பதினாலாம் மாடி

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கோலாலம்பூர் செத்தாபாக்கில் புது கொண்டோவுக்குக் குடி போகிறோம். 14ஆவது மாடி, பால்கனி நேர் மேற்கே பார்த்திருக்கிறது. ஏர்கோன் மாட்ட இரண்டு கடைகளில் விலை கேட்டோம். இரண்டு பேர் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை.

ஹாலும் சாப்பிடும் இடமும் சேர்ந்து 20 அடிக்கு 15 அடி. பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு 8 அடி அகலம், 7 அடி உயரம். மாஸ்டர் ரூம் 14க்கு 12, அதன் சன்னலும் மேற்கேதான். மற்ற இரண்டு அறைகளும் 11க்கு 10, வெயில் படாத பக்கம்.

முதல் கடைக்காரர் ஹாலுக்கு 2.5 எச்பி (குதிரைத்திறன்), எல்லா அறைக்கும் 1.5 எச்பி போடச் சொல்கிறார். "கோலாலம்பூர் வெயிலுக்குப் பெரிசா போட்டாதான் நிம்மதி" என்கிறார். இரண்டாவது ஆள் ஹாலுக்கு 2, அறைகளுக்கு 1 போதும் என்கிறார். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எனக்குக் காசு மட்டும் கவலை இல்லை. மாமியார் பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பார். மூட்டு வலி, சில்லென்ற காற்று ஆகாது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சளித் தொந்தரவு. ஒரு தடவை மாட்டினால் பத்து வருசமாவது ஓட வேண்டும். எப்படி முடிவு செய்வது?

செந்தூல்காரன்

சதுர அடியை 65ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான். உங்கள் ஹால் 300 சதுர அடி, 19,500 பி.டி.யு (ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய சூட்டின் அளவு) வரும். 2 எச்பி என்பது 18,000 பக்கம், 2.5 என்பது 22,000 பக்கம். நடுவில் நிற்கிறது, மேற்குப் பக்கம் வேறு. நானாக இருந்தால் 2.5 போடுவேன். சின்ன அறை 110 சதுர அடி, 7,150 தான், 1 எச்பி தாராளம்.

புக்கிட் ஜாலில் தம்பி

இப்போது வருவதெல்லாம் இன்வெர்ட்டர்தானே அக்கா. பெரிசாகப் போட்டாலும் அறை குளிர்ந்ததும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். சின்னதாக வாங்கி அது நாள் முழுக்க முழு வேகத்தில் முக்கிக்கொண்டு ஓடுவதை விட, ஒரு சைஸ் பெரிசு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கேஸ் பைப் அண்ணன்

தங்கச்சி, நான் ஏர்கோன் மாட்டுவதையும் சர்விஸ் செய்வதையுமே தொழிலாக வைத்திருப்பவன். கோலாலம்பூர், கிள்ளான் பக்கமெல்லாம் வேலை செய்திருக்கிறேன். கடைக்காரர் சொல்வதையும் தம்பி சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது, இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஏர்கோனுக்கு இரண்டு வேலை. ஒன்று சூட்டை எடுப்பது. இன்னொன்று காற்றில் இருக்கும் தண்ணீரை எடுப்பது. இரண்டாவது வேலையை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் எச்பி கதையை முடித்துவிடுவோம். எச்பி என்பது கடையில் பேசும் பேச்சு. ஒரே "1 எச்பி" என்று போட்டு ஒரு பிராண்டு 8,500 பி.டி.யு தரும், இன்னொன்று 10,000 தரும். 1.5 எச்பியிலும் அப்படித்தான், 12,000 முதல் 13,000 வரை மாறும். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் எச்பியைப் பார்க்காதீர்கள், புரோஷரில் இருக்கும் பி.டி.யு எண்ணைப் பாருங்கள். சில புரோஷரில் கிலோவாட்டில் இருக்கும், அதை 3,412ஆல் பெருக்கினால் பி.டி.யு வந்துவிடும்.

இனி தண்ணீர் விசயம். கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி. இரவில் 24, 25க்கு இறங்கிவிடும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் பகலும் இரவும் ஏறக்குறைய அதே அளவுதான், இரவில் சூடு மட்டும்தான் குறைகிறது. நீங்கள் ராத்திரி ஏர்கோனை 25இல் வைக்கிறீர்கள், வெளியேயும் 25தான். அப்புறம் ஏன் ஏர்கோன் தேவைப்படுகிறது? உடம்பு வேர்வை காய வேண்டும், அதற்குக் காற்று உலர்ந்திருக்க வேண்டும். அதாவது ராத்திரி நாம் ஏர்கோன் போடுவதே பெரும்பாலும் ஈரத்தை எடுக்கத்தான்.

உள்ளே இருக்கும் காயில் (குளிர்ச்சுருள்) நன்றாகக் குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சியில் நீடித்தால்தான் அதில் நீர் கோத்து வாளிக் கணக்கில் வடியும். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய யூனிட் போட்டால் பத்து நிமிடத்தில் வெப்பநிலை இறங்கி, கம்ப்ரெசர் நின்றுவிடும். காற்றாடி மட்டும் சுற்றும். காயிலில் ஒட்டியிருந்த ஈரம் வடிவதற்குப் பதிலாகத் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். அறை 23 டிகிரி காட்டும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும், அலமாரியில் தோல் பை பூசணம் பிடிக்கும். அப்போது என்ன செய்வோம்? இன்னும் குறைத்து 18இல் வைப்போம். மாமியாருக்கு மூட்டு வலி கூடும், பிள்ளைகளுக்குச் சளி கூடும். அந்த மாதிரி வீடுகளுக்கு "ஏர்கோன் குளிரவில்லை, கேஸ் ஊற்றுங்கள்" என்று கூப்பிடுவார்கள். போய் அளந்து பார்த்தால் கேஸ் சரியாக இருக்கும், யூனிட்டும் நல்ல யூனிட்டாக இருக்கும். அளவுதான் கூடுதல்.

அதனால் மூன்று விசயம் சொல்லுங்கள் தங்கச்சி. பால்கனிக்கு மேலே கூரை எத்தனை அடி வெளியே நீட்டியிருக்கிறது? மதியம் 3லிருந்து 7 வரை ஹாலில் யார் இருப்பார்கள்? சமையலறைக்குக் கதவு இருக்கிறதா?

பாயான் பாரு அக்கா

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது இரண்டு மாடி வரிசை வீடு. மேல்மாடி அறை 150 சதுர அடிதான், 1 எச்பி இருக்கிறது. கெமிக்கல் சர்விஸ் செய்தாயிற்று, கேஸும் பார்த்தாயிற்று. ஆனால் இரவு 10 மணி வரைக்கும் அனல். 11க்கு மேல்தான் குளிர்கிறது. 65ஆல் பெருக்கினால் 9,750 வருகிறது, கிட்டத்தட்ட சரியாகத்தானே இருக்கிறது? 1.5க்கு மாற்றட்டுமா?

கேஸ் பைப் அண்ணன்

அக்கா, மாற்றாதீர்கள், பொறுங்கள். அந்த 65 என்கிற எண்ணுக்கு உங்கள் தலைக்கு மேலே ஓட்டுக் கூரை இருப்பது தெரியாது. 14ஆவது மாடியில் இருப்பவருக்கு மேலே 15ஆவது மாடி. உங்களுக்கு மேலே சிலிங் பலகை, அதற்கு மேல் நாள் முழுக்க வெந்த ஓடு. நடுவில் அடைபட்ட காற்று 45 டிகிரிக்கு மேல் போகும். இரவு அறைக்குள் நின்று சிலிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் காரணம்.

கம்போங் பாண்டான் பொறியாளர்

அண்ணன் சொன்னதற்கு எண் போட்டுக் காட்டுகிறேன் அக்கா. கட்டடக் குளிரூட்டல் வடிவமைப்பில் வேலை செய்கிறேன்.

150 சதுர அடி என்றால் 14 சதுர மீட்டர். வெறும் பிளாஸ்டர் சிலிங், மேலே 45, கீழே 25, இருபது டிகிரி வித்தியாசம். அதன் வழியாக மட்டும் 800 வாட் பக்கம் சூடு இறங்கும், அதாவது 2,700 பி.டி.யு. உங்கள் 1 எச்பியில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவுதான் மற்றதற்கெல்லாம் மிஞ்சுகிறது. சிலிங்குக்கு மேல் 50 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு விரித்தால் அதே 800 வாட் 150க்குக் குறைந்துவிடும். ஏர்கோனை மாற்றாமலேயே கால் எச்பி கூட்டிய மாதிரி. அதுவும் மின்சாரம் இல்லாமல், கூரை உள்ளவரைக்கும்.

கூரை வேலை செய்கிறவரிடம் ஓட்டுக்குக் கீழே அலுமினிய ஃபாயில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் இருக்காது, இருந்தாலும் கிழிந்து தொங்கும். பஞ்சு விரிக்கும்போது சிலிங் விளக்கு, மின்கம்பி இணைப்புகளை மூடிவிடக்கூடாது, அது முக்கியம்.

இனி பதினாலாம் மாடிக்கு. அண்ணன் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் வந்தால் உங்கள் ஹாலையும் இதே மாதிரி கணக்குப் போடலாம்.

புக்கிட் ஜாலில் தம்பி

அண்ணே, நீங்கள் சொல்லும் பத்து நிமிடம் ஓடி நிற்கும் கதை பழைய இன்வெர்ட்டர் இல்லாத யூனிட்டுக்குத்தானே? இன்வெர்ட்டர் நிற்காதே. மெதுவாக ஓடினால் செயல்திறன் கூடும் என்பது புரோஷரிலேயே இருக்கிறது. எரிசக்தி ஆணையத்தின் மின்சிக்கன ஸ்டார் லேபலையும் பாதி வேக ஓட்டத்தைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

கம்போங் பாண்டான் பொறியாளர்

தம்பி சொல்வது சரிதான், மறுக்கவில்லை. பாதிச் சுமையில் இன்வெர்ட்டர் மிகச் சிக்கனமாக ஓடும். ஆனால் இன்வெர்ட்டருக்கும் ஓர் அடி எல்லை உண்டு. புரோஷரில் குளிர்த்திறன் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டு எண் இருக்கும், குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று. 1 எச்பி இன்வெர்ட்டர் பெரும்பாலும் 3,000 பி.டி.யு பக்கம் வரை இறங்கும். 2.5 எச்பியின் அடி எல்லை அதைப் போல இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். அறையின் தேவை அந்த எல்லைக்குக் கீழே போனால் இன்வெர்ட்டரும் பழையது மாதிரியே நின்று நின்றுதான் ஓடும்.

இப்போது பிள்ளைகளின் 11க்கு 10 அறையை அதிகாலை 3 மணிக்கு எண்ணிப் பாருங்கள். வெயில் இல்லை. வெளியே 25 டிகிரி. தூங்கும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 150 வாட். கதவிடுக்கில் நுழையும் ஈரக்காற்று நூறு வாட்டுக்குக் கிட்ட. சுவரிலிருந்து வருவது ஒரு 300. மொத்தம் 550 வாட், 2,000 பி.டி.யுக்கும் கீழே! 1 எச்பியே அந்த நேரத்தில் தேவைக்குப் பெரிசு. அங்கே 1.5 போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இன்வெர்ட்டர் மிக மெதுவாக ஓடும்போது உள் காயில் அவ்வளவு குளிராது. அறை வெப்பநிலையைப் பிடித்து வைக்க அது போதும், ஈரத்தை இழுக்கப் போதாது. மெதுவாக ஓடுவது பில்லுக்கு நல்லது, ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனால் மெத்தைக்குக் கெடுதல். சிக்கனமும் உலர்வும் சேர்ந்து வரும் இடம் நடுவில்தான் இருக்கிறது. சரியான அளவு என்று நாங்கள் சொல்வது அந்த நடு இடத்தைத்தான்.

பதினாலாம் மாடி

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. நேற்று வீட்டுக்குப் போய் அளந்து வந்தோம்.

பால்கனிக்கு மேலே மேல்மாடிப் பால்கனி 4 அடி நீட்டியிருக்கிறது. மதியம் 4 மணி வரைக்கும் கண்ணாடியில் வெயில் படவில்லை. அதற்கப்புறம் நேராக உள்ளே வந்து, சோபா வரைக்கும் அடிக்கிறது. பகலில் ஹாலில் மாமியார் மட்டும். பிள்ளைகள் 2 மணிக்கு வந்துவிடுவார்கள், நாங்கள் 7க்கு மேல். உலர் சமையலறை ஹாலோடு திறந்தபடி, ஈரச் சமையலறைக்குக் கதவு உண்டு. தாளிப்பு எல்லாம் உள்ளேதான்.

கேஸ் பைப் அண்ணன்

ஈரச் சமையலறைக்குக் கதவு இருப்பது பெரிய நிம்மதி. அடுப்பு எரியும்போது அந்தக் கதவை மூடி, ஹூட்டைப் போட்டுவிடுங்கள். அடுப்பும் ஹாலும் ஒன்றாக இருந்திருந்தால் அரை எச்பி கூட்டிச் சொல்லியிருப்பேன்.

கம்போங் பாண்டான் பொறியாளர்

சரி, ஹாலுக்கு வருவோம். மாலை 5 மணி, திரை போடவில்லை, மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்.

கண்ணாடிக் கதவு 56 சதுர அடி, 5.2 சதுர மீட்டர். தெளிவான மாலையில் நேர் மேற்கு வெயில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக 450 வாட் வரைக்கும் உள்ளே தள்ளும். அது மட்டும் 2,340 வாட். வெளிச் சூடு கண்ணாடி வழியாகக் கடத்தி வருவது 240. நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் 460, அதில் கிட்டத்தட்ட நாற்பது விழுக்காடு மூச்சும் வேர்வையுமாக வரும் ஈரம். டிவி, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் 260. இடுக்குகளில் நுழையும் காற்று 360. பக்கத்து அறைகள், திறந்த சமையலறை, சுவர் இவற்றிலிருந்து ஒரு 600 வைத்துக்கொள்வோம். கூட்டினால் 4,260 வாட், 14,500 பி.டி.யு.

இதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கண்ணாடிக் கதவிலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். 65ஆல் பெருக்கும் முறை இதைத்தான் மறைத்துவிடுகிறது. அதே 300 சதுர அடி ஹால் வடக்கே பார்த்திருந்தால் 65 கணக்கு அதே 19,500ஐத்தான் சொல்லும், உண்மைத் தேவை 8,000, 9,000 தான் இருக்கும்.

வெளிர் நிறத்தில் கனமான திரையோ, உருட்டு பிளைண்டோ போட்டால் வெயில் பங்கில் மூன்றில் ஒன்றாவது குறையும். பால்கனிக்கு வெளிப்பக்கமாகவே வெயிலைத் தடுக்க முடிந்தால் இன்னும் மேல், ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை கொஞ்சம்தான் திருப்பி அனுப்பும். மூங்கில் தட்டி தொங்கவிட மெனேஜ்மென்ட் விடுமா என்று கேட்டுப் பாருங்கள். பல கொண்டோக்களில் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று தடுத்துவிடுவார்கள்.

முடிவு, 18,000 பி.டி.யு தரும் 2 எச்பி. 14,500க்கு மேலே தேவையான இடைவெளி இருக்கிறது, விருந்தாளிகள் வந்தாலும் தாங்கும். இரவு 9 மணிக்கு இதே ஹாலின் தேவை 7,000, 8,000க்கு இறங்கும், 2 எச்பி இன்வெர்ட்டர் அதைச் சுலபமாகப் பிடிக்கும். 2.5 தேவையில்லை.

செந்தூல்காரன்

நல்ல விளக்கம். 65 என்பது பழைய ஆட்கள் தலைக்கணக்காக வைத்திருந்தது, அவசரத்துக்கு இன்னும் உதவும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மேற்குக் கண்ணாடி, மேல்மாடிக் கூரை, திறந்த அடுப்பு இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதை நம்பக்கூடாது என்பது புரிகிறது. ஹாலுக்கு 2.5 என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

ஜார்ஜ்டவுன் கடைவீடு

பினாங்கில் பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருப்பவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். சதுர அடிக் கணக்கு இங்கே இன்னும் மோசமாக ஏமாற்றும். எங்கள் அறையின் சிலிங் 13 அடி உயரம். தரை பலகை, இடுக்கு வழியாகக் கீழ்க்கடையின் விளக்கே தெரியும். சன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட துவாரங்கள். கட்டியவர்கள் காற்று ஓடுவதற்காகவே அப்படிக் கட்டினார்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம் வரைக்கும். அதில் ஏர்கோன் போட்டால் எத்தனை எச்பி போட்டாலும் லெபு பசார் தெருவுக்கும் சேர்த்துத்தான் குளிரூட்ட வேண்டும்.

நாங்கள் செய்தது, படுக்கும் அறையை மட்டும் தனியாகப் பிரித்து, 9 அடியில் சிலிங் இறக்கி, பலகை இடுக்கை அடைத்து, துவாரங்களுக்கு உள்பக்கம் மூடி போட்டோம். முற்றத்தை ஒட்டிய பகுதியை அப்படியே காற்றாட விட்டுவிட்டோம், பகலில் அங்கேதான் இருப்போம். அறைக்கு 1 எச்பி போதுமாக இருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கும், அதனால் அறையை அடைக்கும்போது சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் பூசிவிடாதீர்கள். பாரம்பரியப் பகுதிக்குள் இருப்பவர்கள் அவுட்டோரை (வெளியே மாட்டும் பெட்டியை) எங்கே மாட்டலாம் என்று பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடம் முதலில் கேட்டுவிட வேண்டும், முகப்பில் தெரிகிற மாதிரி மாட்டக்கூடாது.

தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரமாக இருப்பவர்கள், உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சுள்ள அவுட்டோரா என்று கேட்டு வாங்குங்கள். தகடு அரித்துப்போனால் புரோஷரில் உள்ள பி.டி.யு வெறும் எழுத்தாகிவிடும்.

பாயான் பாரு அக்கா

சிலிங்கைத் தொட்டுப் பார்த்தேன் அண்ணே, இரவு 9 மணிக்கும் சூடாகத்தான் இருந்தது. பஞ்சு விரிக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் வேறு வழி உண்டா?

கேஸ் பைப் அண்ணன்

மாலை 6க்கு மேல் சன்னலைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, சுவரில் இருக்கும் சூட்டை வெளியே விடுங்கள் அக்கா. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏர்கோன் போடுங்கள். சிலிங் காற்றாடியும் மெதுவாக ஓடட்டும், 26இல் வைத்தாலும் 24 மாதிரி இருக்கும்.

பதினாலாம் மாடி

இன்னும் இரண்டு சந்தேகம். மாஸ்டர் ரூம் 168 சதுர அடி, மேற்குச் சன்னல் 5 அடிக்கு 4 அடி. 1 எச்பி தாங்குமா? அப்புறம் கரண்ட் பில் ஏறக்குறைய எவ்வளவு வரும்?

கம்போங் பாண்டான் பொறியாளர்

சன்னல் 20 சதுர அடி, அதிகபட்சம் 850 வாட். மாலை 5 மணிக்கு நீங்கள் அந்த அறையில் இருக்கப்போவதில்லை, அப்போது வரும் உச்சச் சுமையை விட்டுவிடலாம். மேற்கு வெயில் வாங்கிய செங்கல் சுவர் அந்தச் சூட்டை மூன்று நான்கு மணி நேரம் தாமதித்து உள்ளே விடும். அதாவது 8 மணியிலிருந்து 10 மணி வரைக்கும் சுவர் சூடு இருக்கும். 9,000 பி.டி.யு அதைச் சமாளிக்கும், ஆனால் குளிர அரை மணி, முக்கால் மணி ஆகும். பகலில் சன்னல் திரையை மூடியே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். 10 மணிக்குத்தான் படுப்போம் என்றால் 1 எச்பியே போடுங்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு மதியமும் அங்கே படுப்பீர்கள் என்றால் மட்டும் 1.5 போடலாம், அப்போதும் அடி எல்லை 3,500க்குள் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

பில் விசயம். 2025 ஜூலை 1 முதல் தெனாகா நேஷனலின் புதிய கட்டண முறை. மாதம் 1,500 யூனிட்டுக்குள் உள்ள வீடுகளுக்கு மின்சக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். 1,000 யூனிட்டுக்குள் இருந்தால் ஊக்கத்தொகையும் கழியும். படுக்கையறை 1 எச்பி இன்வெர்ட்டர் இரவு முழுக்கச் சராசரியாக 400 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 8 மணி நேரம், 30 நாள், 96 யூனிட். ஊக்கத்தொகை கழிக்காமல் 43 ரிங்கிட் பக்கம். ஹாலை மதியம் எத்தனை மணி நேரம் போடுவீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றது.

600 யூனிட் என்கிற கோட்டையும் கவனியுங்கள். அதைத் தாண்டாத வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் ரீடெய்ல் கட்டணம் கிடையாது, மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் கிடையாது.

கேஸ் பைப் அண்ணன்

அளவு முடிவானால் வாங்குவதற்கு முன் வீட்டில் இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். அவுட்டோர் வைக்கும் மேடையின் அகல நீளம் அளந்தீர்களா? சில கொண்டோக்களில் மூன்று நான்கு அவுட்டோரை ஒரே சந்துக்குள் அடுக்க வேண்டும், முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வேறு. ஒன்று விடும் சூடான காற்றை இன்னொன்று இழுத்தால் 18,000 என்று எழுதியிருப்பது 18,000 தராது. அந்த எண்ணே வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் சோதித்துப் போட்டது. சந்துக்குள் 45 இருந்தால் குறையத்தான் செய்யும். பெரிய யூனிட் விடும் சூடும் கூடுதல். இதுவும் அளவைக் கூட்டாமல் இருக்க ஒரு காரணம்.

சுவருக்குள் பைப் ஏற்கெனவே பதித்துக் கொடுத்திருந்தால் அதன் தடிமனைக் கேளுங்கள். 1 எச்பிக்குப் பதித்த பைப்பில் 2 எச்பி மாட்டக்கூடாது. ஹாலுக்கு 2 எச்பி என்றால் சுவிட்ச் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், அதை உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும். இப்போது வரும் ஆர்32 கேஸ் கொஞ்சம் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. மாட்டும்போது வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றை இழுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கேஸை விட்டே காற்றைத் தள்ளி முடிக்கிற ஆளாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதினாலாம் மாடி

மேடையை அளந்துவிட்டோம், நான்கு அவுட்டோருக்கு இடம் இருக்கிறது, இரண்டுக்கு இரண்டாக எதிரெதிர் பக்கம். ஹாலுக்கு 2, மூன்று அறைகளுக்கும் 1 என்று இரண்டாவது கடையிலேயே சொல்லிவிட்டோம். மிச்சமாகும் காசில் பால்கனிக் கதவுக்கு பிளைண்டு. மாஸ்டர் ரூமில் மதியம் யாரும் படுக்கப்போவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்தாயிற்று.

கடைசியாக ஒன்று. மாமியார் ஹாலில் சோபாவில்தான் பகல் முழுக்க இருப்பார். யூனிட்டை எந்தச் சுவரில் மாட்டினால் அவர் மேல் நேராகக் காற்று அடிக்காது?

கேஸ் பைப் அண்ணன்

சோபாவுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம் தங்கச்சி. சோபாவுக்குப் பக்கவாட்டில், 20 அடி நீளவாக்கில் காற்று ஓடுகிற மாதிரி குட்டைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். பால்கனிக் கதவுக்கு மேலே மட்டும் மாட்டவிடாதீர்கள், மாலை வெயிலில் சூடான காற்று சென்சாரில் பட்டு யூனிட் தேவையில்லாமல் வேகமெடுக்கும். தடுப்பு இதழை மேல்நோக்கி வைத்தால் குளிர்காற்று சிலிங்கை ஒட்டிப் போய் மெதுவாக இறங்கும். 26இல் வைத்து, சிலிங் காற்றாடியை ஒன்றாம் எண்ணில் விடுங்கள். வடிகால் பைப் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டுச் சுவரை முடிவு செய்யுங்கள், அது சாய்வாக இறங்க இடம் வேண்டும்.